நளீம் மச்சானின் எஞ்சினும் பள்ளிக் கிடாரமும்

என் ராத்தாவை, மூத்த சகோதரி மஸூதாவைக் கட்டியவர் நளீம். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். மாத்தளையில் மற்றவர்களுக்கு அவர் ஒரிஜினல் நளீம். கராஜ் வைத்திருந்த காலமெல்லாம் டூப்ளிகேட் சாமானை எந்த வாகனத்திலும் பூட்ட மாட்டேன் என்று நின்றதால் வந்த பெயர் அது. நுவரெலியாவிலிருந்து போஞ்சி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன லொறி ஒன்று ஒருநாள் அவருடைய வாசலில் படுத்துவிட்டது. லொறிக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். கண்டியிலிருந்து ஒரிஜினல் சாமான் வந்து சேரும்வரை மச்சான் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. போஞ்சி வாடி வதங்கிப்போனது. லொறிக்காரர் ஏசிய ஏச்சு என் மிளகுக் கடை வரைக்கும் கேட்டது. பிறகு அதே ஆள்தான் தன்னுடைய மற்ற லொறிகளையும் இவரிடமே கொண்டுவந்து விட்டார்.

இப்படிப்பட்ட மனிதரோடு சொந்தமாக இருப்பது லேசான காரியம் இல்லை. கடைக்கு வந்தால் என் தராசை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீக்குச் சொல்லி அனுப்புவேன்.

முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு கராஜை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அதோடு பிடித்தது ராத்தாவுக்குச் சனி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைக் கழற்றிப் போட்டார். தையல் மெஷினைக் கழற்றினார். ராத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் மகள் றுஸைனாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஒங்கட வாப்பாவுக்கு ஏதாச்சும் வேல அனுப்பு புள்ள. இல்லாட்டி என்னயக் கூட்டிக்கிட்டுப் போ.”

றுஸைனா அனுப்பியதுதான் எஞ்சின். அங்கே வாராவாரம் ஒரு சஞ்சிகை வருமாம். ஒவ்வோர் இதழோடும் ஒரு நீராவி எஞ்சினின் சில துண்டுகள் இருக்கும். கடைசி இதழ் வரை வாங்கிப் பூட்டினால் முழு எஞ்சின். லெஸ்டரிலிருந்து யார் கல்யாணத்துக்கு வந்தாலும், யார் மையத்து அடக்கத்துக்கு வந்தாலும், அவர்களுடைய பெட்டியின் ஒரு மூலை மச்சானுக்கு ஒதுக்கப்பட்டது. அழுதுகொண்டே வந்து இறங்கியவர்களிடம்கூட சலாத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “பார்சல் ஏதும் தந்தாவா?” என்பதுதான்.

முதலில் ஒரு சக்கரம் வந்தது. பிறகு கொதிகலனின் பாதி. பிறகு மீதிப் பாதி. விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மேசை எஞ்சினுக்குப் போனது. கழற்றியே பழகிய கை மெல்ல மெல்லப் பூட்டத் தொடங்கியதில் ராத்தாவுக்கு மூச்சு வந்தது. எஞ்சின் ஒரு கை நீளத்துக்கு வளர்ந்தது. பச்சை நிறம், ஓரமெல்லாம் மெல்லிய கோடு. சக்கரங்களை இணைக்கும் தண்டு முன்னும் பின்னும் போய்வரும்போது நானே வாயைப் பிளந்து பார்த்தேன். “நல்ல விளையாட்டுச் சாமான் மச்சான்” என்று ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

“விளையாட்டுச் சாமான் இல்ல ஜிப்ரி. இது மொடல்” என்றார். அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் எஞ்சினிலும் டூப்ளிகேட் இருந்தது. கைப்பிடிக் கம்பிகள் பிளாஸ்டிக். அவற்றைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் கம்பியை இழைத்துப் போட்டார். பின்பெட்டியில் நிலக்கரி என்று வந்தது ஒரே பிளாஸ்டிக் கட்டி. அதை எறிந்துவிட்டு சிரட்டைக் கரியை நொறுக்கி ஒட்டினார். ஓட்டுநரும் கரி அள்ளுகிறவரும் சின்ன உருவங்களாக வந்திருந்தார்கள். தொழுகிற வீட்டில் உருவம் வேண்டாம் என்று ராத்தா அவர்களைப் பொட்டலத்தோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஆள் இல்லாமலே எஞ்சின் கம்பீரமாக நின்றது.

கடைசியில் புகைக்குழாயின் வாய் வந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது. சஞ்சிகையின் படத்தில் புகைக்குழாயின் வாயைச் சுற்றி ஒரு செம்பு வளையம் பளபளவென்று மின்னியது. பொதியைப் பிரித்தால் செம்பு நிறம் பூசிய பிளாஸ்டிக். மச்சான் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அடியில் வெள்ளை தெரிந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தார். கடைகளில் செம்புத் தகடு தேடினார். கிடைத்தது தடிப்பு, வளைத்தால் வெடித்தது.

இந்த இடத்தில் ஸியாமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸியாம் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சியவன். மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளில் சமைப்பான். அந்த நாளில் மச்சானை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான். அவனுடைய கஞ்சிக்காகவே அடுத்த பள்ளியின் மஹல்லாக்காரர்கள் வாளியோடு எங்கள் பள்ளிக்கு வந்து நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன் நோன்பு முடிந்த கையோடு பள்ளியின் வெற்று அரிசிச் சாக்குகள் கொஞ்சத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மகள் படுக்கிற மூலையில் கூரை ஒழுகியதாம், அடைப்பதற்கு. பள்ளி நிர்வாக சபையில் களஞ்சியச் சாவி மச்சானிடம் இருந்தது. வேலியில் காய்ந்த சாக்கை அவர் கண்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைக்கை வாங்கிப் பேசினார். வக்பு என்றால் என்ன தெரியுமா, பள்ளிக்கென்று ஒருதரம் கொடுத்தது கிழிந்தாலும் உடைந்தாலும் பள்ளிக்குத்தான், ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக எவருக்கும் உரிமை இல்லை என்றார். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமலே எல்லாத் தலையும் ஸியாம் பக்கம் திரும்பியது. மறுநாள் சாக்குகள் கழுவி மடித்துப் பள்ளி வாசலில் இருந்தன. ஸியாம் யட்டவத்தைக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துகொண்டான். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் வருவான். எங்கள் பள்ளிக்குத் தொழ வருவதை மட்டும் விடவில்லை. கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, சலாம் கொடுத்ததும் போய்விடுவான்.

கஞ்சி வேறு கைக்குப் போனது. அது கஞ்சியா சுடுதண்ணீரா என்று ஊர் பட்டிமன்றம் நடத்தியது.

இனி மச்சான் செய்ததைச் சொல்கிறேன். அவர் பிறகு என்னிடம் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பள்ளிக் களஞ்சியத்தில் கஞ்சி காய்ச்சும் பெரிய அண்டா, பழைய செம்புக் கிடாரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அலுமினியக் கிடாரங்கள் வந்த பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. விளிம்பில் ஓரிடம் கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாறு எடுக்கப் போகிறவர்களின் கையை அது கீறும். ஒருநாள் தகடு வெட்டும் கத்தரியோடு போய் அந்தக் கிழிசலைச் சீராக வெட்டிவிட்டார். நல்லதுக்குத்தான் வெட்டினேன், ஜிப்ரி, என்றார். கை கிழியக்கூடாது என்றுதான் வெட்டினாராம். வெட்டிய துண்டு உள்ளங்கை அளவு. அடிபட்டு அடிபட்டு மெலிந்த பழஞ்செம்பு, துணி போல வளைந்தது. அது சட்டைப் பைக்குள் போனபோது, தான் ஒன்றை எடுக்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை என்றார். நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

செம்பை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, கொய்யாக் கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் வைத்துத் தட்டித் தட்டி அந்த வளையத்தை எடுத்தார். மிஞ்சியதில் கொதிகலனின் முதுகில் நிற்கும் சின்ன மூடியும் செய்தார். ராத்தா தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். எஞ்சின் உயிர் வந்தது போல ஆனது. நான் ஊரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மிளகு வாங்க வந்தவர்கள், கராம்பு விற்க வந்தவர்கள், சீகிரியாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் என்று எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருடைய விரலும் அந்த வளையத்தில்தான் போய் நிற்கும். “இது கிட்டோட வந்ததா?” என்று கேட்பார்கள். “இல்ல. அசல் செம்பு. கையால அடிச்சது” என்பார் மச்சான். அந்த வார்த்தைக்காகவே விருந்தாளியை எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் நோன்புக்கு முந்தைய மாதம் நிர்வாக சபைக்குப் புத்தி வந்தது. தலைவர் யாகூப் ஹாஜியார் தானே ஸியாமின் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்ச வரச் சொன்னார். ஸியாம் பிகு பண்ணாமல் ஒத்துக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அலுமினியத்தில் அடிப்பிடிக்கிறது, பழைய செம்புக் கிடாரத்துக்கு ஈயம் பூசித் தந்தால் நல்லது என்றான்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கிடாரத்தை முற்றத்துக்கு உருட்டி வந்தார்கள். நானும் நின்றேன். களஞ்சியத்தைத் திறந்துவிட்ட மச்சானும் சாவியோடு பக்கத்தில் நின்றார். ஸியாம் விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் கையை நிறுத்தினான்.

“இது கிழிஞ்சதில்ல ஹாஜியார். யாரோ வெட்டி எடுத்தீக்காங்க.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நேர்கோடாக ஒரு வெட்டு.  சபை உறுப்பினர் அம்ஹர் வாயில் வெற்றிலையோடு, பாதி பகிடியாகச் சொன்னார்:

“சாக்கு போன வழியில செம்பும் போயீக்கும்.”

இரண்டொருவர் சிரித்தார்கள். ஸியாம் கிடாரத்திலிருந்து கையை எடுத்தான். சாரத்தில் கையைத் துடைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போனான். ஹாஜியார் “ஸியாம், ஸியாம்” என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு அரிசிச் சாக்குக்காக மைக் பிடித்த மனிதர் இதற்குக் கட்டாயம் கத்துவார் என்று நினைத்தேன். அவர் சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை தம்புள்ளை வியாபாரி ஒருவரை எஞ்சின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் எஞ்சின் ஒரு கட்டில் விரிப்பால் மூடப்பட்டிருந்தது. நான் விரிப்பை இழுக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்துவிட்டார். 

“இன்னக்கி வேணாம் ஜிப்ரி.”

வியாபாரியை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது ராத்தா குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்னமே மச்சான் எல்லாவற்றையும் சொன்னார். கத்தரி, கிழிசல், சட்டைப் பை, எல்லாம். “அந்தப் புள்ள செருப்பப் போட்டுக்கிட்டுப் போகக்குள்ள என்ட நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு. நான் பாத்துக்கிட்டு நிண்ட, ஜிப்ரி. பாத்துக்கிட்டே நிண்ட” என்றார். வெட்கத்தில் ஒரு மனிதர் உயரம் குறைந்து போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் வளையத்தைக் கழற்றி லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனார். ராத்தா என்னையும் கூடவே அனுப்பினாள். ஹாஜியார் லேஞ்சியை அவிழ்த்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தே விட்டார்.

“இதுக்கா மூஞ்ச இப்பிடி வச்சிக்கிட்டு வந்தீங்க? நான் என்னமோ ஏதோண்டு பயந்துட்டேன். ஒதவாத கிடாரம், நீங்களும் நல்லதுக்குத்தானே வெட்டின. பள்ளிக்கு நீங்க எவ்வளவு செஞ்சீக்கீங்க. விடுங்க. நிஷ்மியா, டீ கொண்டு வாங்க” என்று உள்ளே மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

டீ வந்தது. கொக்கிஸ் பலகாரமும் வந்தது. ஹாஜியார் என் போனில் எஞ்சினின் படத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார். சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வோம், பெரிய மனிதரின் மானம், வெளியே போக வேண்டாம் என்றார்.

மச்சான் டீயைத் தொடவில்லை. “ஸியாமுக்கு நாம டீ குடுத்தமா ஹாஜியார்?” என்று கேட்டார்.

ஹாஜியார் கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தார்.

திரும்பி வரும் வழியில் மச்சான் மன்னிப்புக் கிடைத்தவர் போலவே இல்லை. தான் யாரை எந்தத் தராசில் நிறுத்தோம் என்பது அந்த டீக் கோப்பையைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டில் ராத்தா விஷயத்தைக் கேட்டாள். 

“அவன ஏசினது எங்க வச்சி? ஹாஜியார் ஊட்டுலயா?” என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்தது. செயலாளர் அறிவித்தல்களை வாசித்து முடித்ததும் மச்சான் எழும்பி மைக்கை வாங்கினார். யாரோ தவறவிட்ட சாமானைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று பலர் செருப்பைத் தேடக் கிளம்பினார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“பள்ளிட செம்புக் கிடாரத்துல வெட்டின ஆள் நான். ஸியாம் இல்ல. நான்.” மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். “என்ட விளையாட்டுச் சாமானுக்கு வெட்டின.”

விளையாட்டுச் சாமான் என்றார்.  இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வக்பு என்ற சொல் வரை வந்தார், அதற்குமேல் போக முடியவில்லை. மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பள்ளி நிறைந்த ஆட்கள் அவரைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஸியாம் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு எழும்பி வெளியே போனான்.

அன்றைக்கே நானும் மச்சானும் அவனுடைய வீட்டுக்குப் போனோம். ஸியாம் வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. கூரையின் ஒரு மூலையில் பொலித்தீன் விரித்துக் கல் வைத்திருந்தது. மச்சானின் கண் அங்கே போனதை நான் கண்டேன். அவனும் கண்டிருப்பான்.

“மாப் பண்ணுங்க தம்பி. அண்டக்கி மைக்ல பேசினதுக்கும், முந்தாநாள் பேசாம நிண்டதுக்கும்.”

ஸியாம் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான்.

“கிடாரத்த எப்ப ஒட்டித் தாறீங்க? நோன்பு கிட்டத்துல” என்றான்.

மாப் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குமேல் கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது? திரும்பி வந்தோம்.

மச்சான் வளையத்தை மறுபடி சிவக்கக் காய்ச்சித் தட்டையாக அடித்தார். சின்ன மூடியையும் அடித்தார். இரண்டையும் சேர்த்தும் வெட்டிய இடம் நிரம்பவில்லை, இழைத்ததில் போனது போனதுதான். கடைச் செம்பு கொஞ்சம் வாங்கி மிச்சத்தை அடைத்தார். ஆணி வைத்துப் பற்றவைத்து, ஈயம் பூசக் கொடுத்து, பள்ளி முற்றத்தில் கொண்டுபோய் வைத்தார். களஞ்சியச் சாவியை ஹாஜியாரின் கையில் கொடுத்துவிட்டார். ஹாஜியார் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்.

கிடாரம் பெரிது, ஒட்டு சின்னது. ஆனாலும் விளிம்பில் அது வேறு நிறமாகத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

நோன்பு வந்தது. அஸருக்குப் பிறகு கஞ்சி வாங்க வாளியும் கேனுமாக வரிசை நிற்கும். நிற்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். சபையில் இருந்தவர்களின் வீடுகளுக்குக் கஞ்சி தானாகவே போய்ச் சேருவது வழக்கம். முதல் நோன்பிலேயே மச்சான் ஒரு தூக்குவாளியோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முழங்கால் வலியில் ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றினார். “மாமா, நீங்க முன்னுக்குப் போங்க” என்று பிள்ளைகள் வழிவிட்டார்கள். அவர் அசையவில்லை. தினமும் நின்றார். தினமும் ஸியாம் அகப்பையால் அள்ளி ஊற்றுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். மச்சானுடைய கண் அந்த ஒட்டிலேயே இருக்கும்.

நோன்பு பாதி கழிந்த ஒருநாள் எனக்கு முன்னால் மச்சான் நின்றார். அவருடைய முறை வந்தது. ஸியாம் அகப்பையைக் கிடாரத்துக்குள் விட்டவன் அப்படியே நிறுத்தினான்.

“அந்த எஞ்சினுக்கு இப்ப மேல என்ன போட்டீக்கீங்க?” என்று கேட்டான். குனிந்தபடியேதான் கேட்டான்.

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.  மச்சான் வாளியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பிளாஸ்டிக்” என்றார். “அதோட வந்த பிளாஸ்டிக்தான்.”

ஸியாம் தலையை ஆட்டினான். அடியிலிருந்து கிளறி, இறைச்சித் துண்டுகள் வருகிற மாதிரி அள்ளி, வாளியின் விளிம்பு வரை ஊற்றினான்.

“சூடு, நானா. பாத்துப் புடிங்க” என்றான்.